வீட்டுப் பெரியவருக்குப் பராமரிப்பு இல்லம் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அம்மாவோ அப்பாவோ இனி தனியாக இருக்க முடியாது என்ற நிலை வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் உட்கார்ந்து இணையத்தில் இல்லங்களின் படங்களைத்தான் பார்க்கின்றன. தோட்டம் இருக்கிறதா, அறை பெரியதா, வரவேற்பறை பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்து, ஏதோ ஒன்று மனதுக்குப் பிடித்துப்போய், அதற்கு ஏற்றமாதிரி மற்ற எல்லாவற்றையும் வளைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து கட்டடத்தைக் கடைசியில் பாருங்கள். உங்கள் பெரியவரால் எதெல்லாம் முடிகிறது, எதெல்லாம் முடியவில்லை என்பதுதான் முதல் கேள்வி. முடியாத அந்த வேலைகளை அங்கே யார் செய்யப்போகிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் அவர்கள் எழுந்து வருவார்களா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்த மாதிரிதான்.

முடிந்தால் அவசரம் வருவதற்கு முன்பே தேடத் தொடங்குங்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகு தேடினால், எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

முதியோர் மருத்துவத்தில் 1963 முதல் பயன்பாட்டில் இருக்கும் ஓர் எளிய அளவுகோல் உண்டு. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் உருவாக்கியது. ஆறே ஆறு விஷயங்கள்: குளிப்பது, உடை உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிவது, தானாகச் சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நேராக எழுதுங்கள்: தானே செய்கிறாரா, பக்கத்தில் ஒருவர் நின்றால் போதுமா, முழுக்கப் பிறர்தான் செய்ய வேண்டுமா?

அதோடு 1969-இல் வந்த இன்னொரு பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, பணத்தைக் கையாள்வது. பொதுவாக இந்த இரண்டாவது பட்டியலில்தான் முதலில் ஓட்டை விழும். பில் கட்ட மறப்பார், மாத்திரை அட்டை தீராமல் அப்படியே இருக்கும். முதல் பட்டியலில் ஒன்றிரண்டு விழத் தொடங்கினால் வீட்டில் ஆள் இல்லாமல் சமாளிப்பது கடினம்.

இதை ஒரு நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒரு வாரமாவது கூடவே இருந்து பார்த்து எழுதுங்கள். மகனோ மகளோ வந்திருக்கும்போது பெரியவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள், "எனக்கு ஒன்றும் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்பார்கள். ராத்திரி எத்தனை முறை எழுகிறார், அப்போது தடுமாறுகிறாரா, மாலையானதும் குழப்பம் கூடுகிறதா என்பதெல்லாம் கூடவே தங்கினால்தான் தெரியும். எடையையும் பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நடையைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

2. மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் சில நேரம் இல்லமே தேவைப்படாமல் போகலாம். மெல்ல மெல்ல மாதக்கணக்கில் மறதி கூடுவது வேறு, நேற்று வரை தெளிவாக இருந்தவர் திடீரென்று ஆளையே அடையாளம் தெரியாமல் பேசுவது வேறு. இரண்டாவது பெரும்பாலும் டெலிரியம் எனும் திடீர்க் குழப்பம். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றிப்போவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று காரணம் சின்னதாக இருக்கலாம், சரிசெய்தால் பலர் தேறிவிடுவார்கள். அந்த நிலையில் இருப்பவரைப் பார்த்து "இனி நிரந்தரமாக இல்லம்தான்" என்று முடிவெடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். வேறு வேறு மருத்துவர்கள் வேறு வேறு காலத்தில் எழுதிக்கொடுத்தவை சேர்ந்துபோய், தலைசுற்றலும் தூக்கமும் விழுவதும் மாத்திரையாலேயே வரும் வீடுகள் நிறைய. முதியவர்களுக்கு எந்தெந்த மருந்து ஆகாது என்பதற்கு 'பியர்ஸ் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறது. 1991-இல் நர்சிங் ஹோம்களில் இருப்பவர்களுக்காகவே முதலில் தயாரிக்கப்பட்டது, இப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். "இதில் எதை நிறுத்தலாம்?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கண், காது, பல் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். காது கேட்காததால் பதில் சொல்லாமல் இருப்பவரை மறதி என்று நினைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

3. எந்த வகை இடம் வேண்டும்?

தானாகவே எல்லாம் செய்துகொள்கிறார், தனிமையும் வீட்டு வேலையும்தான் சிரமம் என்றால், முதியோர் குடியிருப்பு போதும். சாப்பாடு, சுத்தம் செய்வது, அவசர மணி எல்லாம் இருக்கும், பராமரிப்பு என்று பெரிதாக இருக்காது.

குளிக்க, உடுத்த, மாத்திரை போட உதவி வேண்டும், ஆனால் நாள் முழுவதும் நர்ஸ் தேவையில்லை என்றால் அது அசிஸ்டட் லிவிங். நர்சிங் ஹோம் என்று இங்கே நான் சொல்வது, நாள் முழுவதும் செவிலியர் கவனிப்பு தேவைப்படுபவர்கள் நீண்ட காலம் தங்கும் இடம். படுத்த படுக்கையாக இருப்பவர், குழாய் வழியாக உணவு எடுப்பவர், ஆறாத புண் உள்ளவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகர முடியும் என்ற நிலையில் இருப்பவர் இங்கேதான் இருக்க வேண்டும்.

மறதிநோய் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. உடம்பு நன்றாக இருந்து, நடந்து வெளியே போய்விடும் பழக்கம் இருந்தால் இது ரொம்ப முக்கியம். கதவு பாதுகாப்பாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் உள்ளே அவர் சுதந்திரமாக நடக்க இடமும் வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு நாற்காலியில் உட்கார வைப்பதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது.

இங்கே பலர் தடுமாறுவது ஒரே விஷயத்தில்தான்: இன்றைய தேவையை மட்டும் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். பார்க்கின்சன், மறதிநோய் போன்றவை கூடிக்கொண்டே போகும். "இவருக்கு நடக்க முடியாமல் போனால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, இல்லை வேறு இடம் பார்க்கச் சொல்வீர்களா?" என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வயதான காலத்தில் ஒருமுறை இடம் மாறுவதே கஷ்டம், இரண்டாம் முறை இன்னும் கஷ்டம்.

4. அவரிடம் பேசுங்கள், அவரைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்

பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு, கடைசியில் அம்மாவிடம் வந்து "அடுத்த வாரம் போகிறோம்" என்று சொல்வது நடக்கிறது. போகப்போவது அவர். தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கிறார் என்றால் முடிவில் அவருக்குத்தான் முதல் இடம். "அம்மா, ராத்திரி நீங்கள் விழுந்தால் பார்க்க ஆள் இல்லையே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது" என்று உங்கள் கவலையைச் சொல்லுங்கள். "உங்களால் முடியாது" என்று ஆரம்பித்தால் அதோடு கதவு மூடிவிடும்.

அவருக்கு எது விட்டுக்கொடுக்க முடியாதது என்று கேளுங்கள். தனி அறையா, காலையில் சீக்கிரம் எழும் பழக்கமா, வழிபாடா, தன் மொழி பேசும் ஆட்களா, பேரப்பிள்ளைகள் அடிக்கடி வர முடிகிற தூரமா? மறதிநோய் உள்ளவர்கள் பின்னால் கற்ற மொழிகளை இழந்து தாய்மொழிக்கே திரும்புவதுண்டு, அதனால் பராமரிப்பவர்களில் அந்த மொழி தெரிந்த ஒருவராவது இருப்பது வசதி என்பதைத் தாண்டி அடிப்படைத் தேவையாகவே ஆகிவிடும்.

மறதிநோய் முற்றியவரிடம் நீண்ட விளக்கம் தேவையில்லை. திரும்பத் திரும்ப வாதாடுவது இரண்டு பேரையும் நோகடிக்கும். உடன்பிறந்தவர்களுக்குள் யார் பணம் தருவது, யார் வாராவாரம் போவது, மருத்துவ முடிவை யார் சொல்வது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் தெளிவாக இருக்கும்போதே பவர் ஆஃப் அட்டர்னி, சிகிச்சை பற்றிய முன்விருப்பம் ஆகியவற்றை உங்கள் ஊர்ச் சட்டம் எப்படிச் சொல்கிறதோ அப்படி முடித்துவிடுங்கள். தெளிவு போன பிறகு அவரால் அதில் கையெழுத்துப் போட முடியாது.

5. பணக் கணக்கு

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஓர் இடத்தில் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, இன்னோர் இடத்தில் அடிப்படைத் தொகை குறைவாக இருக்கும், டயப்பர், துணி துவைப்பது, பிசியோதெரபி, மருத்துவர் வருகை, ஊட்டிவிடுவது என்று ஒவ்வொன்றும் தனியாக ஏறும். போன மாதம் உங்கள் பெரியவரைப் போன்ற நிலையில் உள்ள ஒருவருக்கு வந்த மொத்த பில்லை, பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்துவார்கள் என்றும் கேளுங்கள். காப்பீடும் அரசு உதவியும் எதற்கெல்லாம் வரும் என்று நேரடியாக விசாரியுங்கள், பல காப்பீடுகள் சிகிச்சைக்குக் கொடுக்கும், குளிப்பாட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் கொடுக்காது. அப்புறம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கட்ட முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள், முதல் ஆறு மாதத்தை வைத்து அல்ல.

6. நேரில் போய்ப் பார்ப்பது

உரிமம் இருக்கிறதா, ஆய்வு அறிக்கைகள் பொதுவில் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்து, மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது இரண்டு முறை போங்கள். ஒன்று சொல்லிவிட்டு, இன்னொன்று சொல்லாமல். சொல்லாமல் போவதை மாலையிலோ வார இறுதியிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆட்கள் குறைவதும் மறதிநோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடுவதும் அப்போதுதான். உள்ளேயே விடமாட்டோம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். தொற்று பரவும் காலம் போன்ற நியாயமான காரணம் இருக்கலாம். காரணமே சொல்லாவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். ஓர் அறையில் மட்டும் சிறுநீர் வாடை வந்தால் அப்போதுதான் ஏதோ நடந்திருக்கும். நடைபாதை முழுக்க அடித்தால் டயப்பர் நேரத்துக்கு மாற்றப்படவில்லை என்று அர்த்தம். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலும் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அங்கே இருப்பவர்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா, காதுக் கருவி காதில் இருக்கிறதா, பகல் பதினோரு மணிக்கும் இரவு உடையிலேயே இருக்கிறார்களா, எல்லாரும் டிவி முன்னால் தூங்கி வழிகிறார்களா? கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரியும், எடுத்துக்கொடுக்காவிட்டால் குடிக்கவே மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் ஒருமுறை இருங்கள். ஒரு பராமரிப்பாளர் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார், நின்றுகொண்டு அவசரமாக வாயில் திணிக்கிறாரா, எதிரில் உட்கார்ந்து, விழுங்கியாயிற்றா என்று பார்த்து அடுத்த கரண்டி கொடுக்கிறாரா? படுத்த நிலையிலோ அவசரத்திலோ ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். ஒரு சாப்பாட்டு வேளையை முழுதாகப் பார்த்துவிட்டால், அந்த இடத்தைப் பற்றி வேறு யாரும் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் அழைப்பு மணி ஒலித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். பராமரிப்பாளர்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லி, உறவு சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்களா, இல்லை அறை எண்ணைச் சொல்லிப் பேசிக்கொள்கிறார்களா? கழிப்பறையில் கைப்பிடி, வழுக்காத தரை, வீல்சேர் நுழையும் அகலமான கதவு, தடையில்லாத அவசர வழி, இதெல்லாம் பார்த்தவுடன் தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் அங்கே வந்திருக்கும் வேறு குடும்பத்தாரிடம் தனியாகப் பேசுங்கள். "குறை சொன்னால் என்ன நடக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும்.

7. நிர்வாகியிடம் கேட்க வேண்டியவை

ராத்திரியில் இந்தத் தளத்தில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அதில் தகுதி பெற்ற நர்ஸ் எத்தனை பேர், அவர்கள் விழித்திருப்பார்களா? பகல் எண்ணிக்கையைச் சொல்லித் தப்பிக்க விடாதீர்கள். பராமரிப்பாளர்கள் சராசரியாக எவ்வளவு காலம் இங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் உங்கள் அப்பாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலி, எப்படிச் சொன்னால் குளிக்க வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் ஓய்வும் கிடைக்கிறதா என்பது உங்கள் பெரியவருடைய உடம்பில் தெரியும்.

படுக்கைப் புண் பற்றிக் கேளுங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள், மெத்தையையும் தோலின் நிலையையும் பொறுத்து இது கொஞ்சம் மாறலாம். அதற்குக் குறிப்பேடு வைத்திருந்தால் காட்டச் சொல்லுங்கள். இப்போது இங்கே எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது, அதில் எத்தனை இங்கே வந்த பிறகு வந்தது என்று கேட்டால் நல்ல இடத்தில் கோபப்பட மாட்டார்கள், எண்ணைச் சொல்வார்கள்.

அடுத்தது, கட்டிப்போடுவது. கையைக் கட்டுவது மட்டுமல்ல, எழ முடியாதபடி நாற்காலியில் பெல்ட் போடுவது, கட்டிலின் இரு பக்கமும் கம்பி ஏற்றுவது, தூங்க வைக்க மருந்து கொடுப்பது எல்லாமே இதில் சேரும். கட்டில் கம்பி பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் குழம்பிய நிலையில் இருப்பவர் அதில் சிக்கிக்கொள்ளலாம், ஏறிக் குதிக்கப் பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழலாம். மறதிநோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுக்கும் மனநோய் மருந்துகளில் இறப்பு ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது, 2008-இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. ஆகவே "கத்தினால், அடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வலியா, பசியா, மலச்சிக்கலா, பயமா என்று முதலில் பார்ப்போம் என்று பதில் வந்தால் நிம்மதி. ஊசி போட்டுவிடுவோம் என்று வந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

மருத்துவர் எப்போது வருவார், ராத்திரியில் மூச்சுத்திணறினால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார்கள், எங்களுக்கு எப்போது போன் வரும் என்பதையும் கேளுங்கள். கடைசிக் காலத்தில் வலியைக் குறைக்கும் பராமரிப்பு இங்கேயே கிடைக்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள். மறதிநோய் மிகவும் முற்றியவர்களுக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு நேரம் ஒதுக்க முடிகிறதா என்பதில் ஓர் இல்லத்தின் மனசு தெரிந்துவிடும்.

8. ஒப்பந்தம்

அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பும்? ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, படுக்கையை வைத்திருப்பார்களா? எந்தெந்தக் காரணத்துக்காக வெளியேறச் சொல்லலாம், எத்தனை நாள் அவகாசம்? இறந்துவிட்டால் கணக்கு எப்படி முடியும்? "இல்லம் எதற்கும் பொறுப்பாகாது" என்ற மாதிரி வரி இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். பிள்ளைகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்டுவதாக உறுதி கேட்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். வாயால் சொன்ன எந்த வாக்குறுதியும் தாளில் இல்லையென்றால் அது இல்லை.

9. சில நாட்கள் தங்க வைத்துப் பாருங்கள்

பல இல்லங்களில் குறுகிய காலம் தங்கும் வசதி இருக்கும். முடிவெடுக்கும் முன் இரண்டு வாரமாவது இப்படிச் செய்து பாருங்கள். பெரியவருக்கும் "பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்" என்ற உறுதி இருக்கும். அதை வெறும் பேச்சாக விட்டுவிடாமல், நிஜமாகவே திரும்பி வர இடம் வைத்திருங்கள்.

10. போகும் நாளும் முதல் மாதமும்

அறையை முன்கூட்டியே போய்த் தயார் செய்யுங்கள். வீட்டில் பயன்படுத்திய போர்வை, குடும்பப் படங்கள், பெரிய எண்கள் உள்ள கடிகாரம், பழகிய நாற்காலி. துணி, கண்ணாடி, பல்செட், காதுக் கருவி எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், இல்லங்களில் அதிகம் தொலைவது இவைதான். காலையில் அழைத்துப் போவது நல்லது, மாலை வேண்டாம்.

ஒரே ஒரு பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள். என்ன வேலை பார்த்தார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எதைக் கேட்டால் முகம் மலரும், எதற்குப் பயப்படுவார், வலித்தால் எப்படிக் காட்டுவார். பராமரிப்பாளர்கள் இதைப் படிக்கிறார்கள், பயன்படுத்துகிறார்கள். அன்றைக்கே எடை பார்த்து, தோல் முழுக்கப் பார்த்து, ஏற்கனவே உள்ள புண்ணும் காயமும் குறிக்கப்படுகிறதா என்று கூட இருந்து கவனியுங்கள்.

முதல் வாரங்களில் அழுகை, கோபம், சாப்பிடாமல் இருப்பது எல்லாம் வரலாம். "கொஞ்ச நாள் வராதீர்கள், பழகட்டும்" என்று சில இடங்களில் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போங்கள், குறுகிய நேரமாவது இருங்கள், வேறு வேறு நேரத்தில் போங்கள். உங்களுக்கு வரும் குற்ற உணர்வை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அதற்காக விலகி இருந்துவிடாதீர்கள். இடம் மாறிய பெரியவருக்கு நீங்கள் இன்னமும் வேண்டும். குளிப்பாட்டும் வேலையும் தூக்கும் வேலையும் வேறொருவர் கைக்குப் போனதால், இனி பக்கத்தில் உட்கார்ந்து பேச உங்களுக்குத் தெம்பு இருக்கும்.

11. அதன் பிறகும் கண்காணிப்பு

மாதம் ஒருமுறை எடை எவ்வளவு என்று கேளுங்கள். குதிகால், இடுப்பின் பின்பக்கம், வால் எலும்புப் பகுதி மூன்றையும் நர்ஸோடு சேர்ந்து பாருங்கள், புண் முதலில் வருவது அங்கேதான். புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்திருக்கிறதா, எதற்காக என்று கேளுங்கள். விளக்கமில்லாத காயம், ஒரு குறிப்பிட்ட பராமரிப்பாளர் வந்தால் ஒடுங்கிப்போவது, திடீரென்று எப்போதும் தூக்கம், பணமோ நகையோ காணாமல் போவது, உங்களைத் தனியாகப் பேசவிடாமல் யாராவது கூடவே நிற்பது, இவற்றில் எதுவானாலும் சும்மா விடாதீர்கள்.

குறையை முதலில் அந்தத் தளத்தின் பொறுப்பு நர்ஸிடம், தீராவிட்டால் நிர்வாகியிடம் எழுத்தில், அப்போதும் தீராவிட்டால் மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பிடம் கொண்டுபோங்கள். தேதி, நேரம், பார்த்தது, சொன்னவர் பதவி எல்லாம் குறித்து வையுங்கள், காயம் இருந்தால் படம் எடுங்கள். அடி, பாலியல் தொல்லை, பட்டினி என்று சந்தேகம் வந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட்டுக் காவல்துறைக்குப் போங்கள்.

இடம் மாற்ற வேண்டியிருந்தால் மருந்துப் பட்டியல், கடைசிப் பரிசோதனை முடிவுகள், எடைக் குறிப்பு, புண் குறிப்பு எல்லாவற்றின் நகலையும் கையில் வாங்கிய பிறகே கிளம்புங்கள். புதிய இடத்தில் படுக்கை உறுதியாகும் வரை பழைய இடத்தில் அறிவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டாம்.